முந்தானையில் முடிந்த நன்மை

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் நான் மறைக்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். பூசையில் வைக்கும் அப்பமும் திராட்சை இரசமும் வெறும் அடையாளம் அல்ல, ஆண்டவருடைய உடலும் இரத்தமுமே என்பதைப் புத்தகம் பார்க்காமல் விளக்குவேன். அதில் எனக்குப் பெருமை அதிகம்.

அந்தக் கோயிலுக்கு ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அன்று பூசையில், கொழுந்து பறிக்கும் ஆரோக்கியம் அக்கா கையில் வாங்கிய நன்மையை, அந்த நற்கருணை அப்பத்தை, பிட்டு, ஒரு பாதியை முந்தானையில் முடிந்ததைப் பார்த்துவிட்டேன். பூசை முடிந்ததும் வாசலில் மறித்தேன்.

"முந்தானையில என்னக்கா?"

"பாதிதான் டீச்சர். மத்தத நான் எடுத்துக்கிட்டேன்."

"வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போக இது என்ன பொங்கலா? ஆண்டவரோட உடம்பு!"

"தொட்டுக்க சம்பல் வேணாமாக்கா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கேயே உண்ணச் சொன்னேன். முடிச்சை அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அவரு எந்திரிக்க ஏலாம கெடக்குறாரு டீச்சர். வராதவங்களுக்கு ஒரு பங்கு கொண்டுபோறது தானே" என்றார்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் அதுதான் வழக்கம். திருவிழாச் சாப்பாட்டில் வர முடியாதவர் பங்கு முந்தானையில் வீடு வந்துவிடும். என் அம்மாவும் அப்படிக் கொண்டுவந்தவர்தான். படித்த பிறகு அதை நான் அறியாமை என்று நினைத்தேன்.

நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோக ஃபாதரிடம் சின்னச் சிமிழ் உண்டு. நோயாளிகளின் பெயரை எழுதிக் கொடுப்பது என் வேலை. அவர் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அடுத்த மாதம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த பூசைக்கு ஒன்பது நாள் முன்பே அக்காவின் கணவரை அடக்கம் செய்துவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமா, எனக்கு எங்கேன்னு அவரு கேட்டாரு. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன் டீச்சர்."

அவர் என்னைப் பற்றிக் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அப்பமும் இரசமும் என்னவென்று விளக்குமுன், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று கேளுங்கள். நான் இப்போது பூசைக்கு முன்பே லயம் லயமாகப் போய்ப் பெயர் எழுதுகிறேன். ஆரோக்கியம் அக்கா வீட்டில் எழுதுவதற்குப் பெயர் இல்லை.