அலாரம் அக்கா அழுத்தாத பொத்தான்

ஆபீஸில் எல்லோரும் அவளை அலாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளின் சர்வர் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றனவா என்று சுவரிலிருக்கும் பெரிய ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. ஒரு சர்வர் நின்றால் அதன் கட்டம் சிவக்கும். சில நிமிடங்களில் யாரும் கவனிக்காவிட்டால் அவள் ஃபோன் அலறும். கவனித்தவர் தன் கம்ப்யூட்டரில் 'பார்த்தாச்சு' பொத்தானை அழுத்தினால் சிவப்பு மறைந்துவிடும், ஃபோனும் பேசாது. ஆள் வந்துவிட்டார் என்று அந்த மென்பொருள் நம்பிவிடும், பாவம். குளிக்கும்போதுகூட ஃபோனைக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறவள் அவள். கடவுள் அவளுக்குப் பொறுமையைத்தான் கொஞ்சம் குறைத்து அளந்துவிட்டார், மற்றபடி வேலையில் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு ஃபோன் அலறவே இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வர் மதியமே படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. முடிவுக்காகக் காத்துக் கிடந்தவர்களில் அவள் நாத்தனாரும் ஒருத்தி.

"ஏன் அண்ணி, நீங்க பாத்துக்கிற மிஷின்தானே? நாங்க அங்க தவிச்சிட்டிருக்கோம். உங்க ஸ்கிரீன்ல சீரியல் ஓடுச்சா?" என்றாள் நாத்தனார், வீட்டுக்கு வந்த கையோடு.

அக்கா ஃபோனை எடுத்து, மதியம் அலாரம் ஏதும் வந்திருந்ததா என்று மறுபடி பார்த்தாள்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் மேனேஜர் ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. உன் பேர்ல 'பார்த்தாச்சு' விழுந்திருக்கு. பாத்துட்டு சும்மா உக்காந்திருக்க. தப்பு என்னோடதுன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடு. இல்ல, வேற வேலை பாத்துக்க."

"நான் அழுத்தல சார்."

"அப்ப என்ன, பேய் வந்து அழுத்துச்சா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு சோதிக்க உட்கார்ந்தாள். சோதனை மெசேஜ் அனுப்பினாள், ஃபோன் ஒழுங்காக அலறியது. பழைய சர்வர் ஒன்றின் கேபிளைப் பிடுங்கினாள். கட்டம் சிவந்தது, கொஞ்ச நேரத்தில் அலறல். மறுபடி பிடுங்கி, இந்தத் தடவை அலறுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தினாள். ஃபோன் வாயே திறக்கவில்லை.

ஆக, நேற்று அப்படித்தான் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அழுத்திய நேரத்தைப் பார்த்தாள். அவள் சாப்பிடப் போயிருந்த நேரம் அது. சாப்பிடப் போகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பூட்டக் கூடாது, வேறு யாராவது பார்க்க வேண்டுமே என்று சட்டம் போட்டவரே மேனேஜர்தான். பூட்டாத கம்ப்யூட்டரில் யார் அழுத்தினாலும் அவள் பேரில்தான் விழும். அந்த நேரத்தில் வெளியாட்களைக் கூட்டி வந்து அந்தச் சுவரைப் பெருமையாகக் காட்டியதும் அவர்தான்.

அக்கா நேரே முதலாளி அறைக்குப் போனாள். மேனேஜரும் அங்கே இருந்தார். அவரிடமே கேட்டாள்.

"சார், நேத்து ஆளுங்க வந்தப்ப ஸ்கிரீன்ல சிவப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. வந்தவங்க முன்னாடி அசிங்கமா இருக்கேன்னு நான்தான் அதை..." என்ற மேனேஜர் முதலாளி பக்கம் திரும்பினார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க போனதும் சொல்லலாம்னு இருந்தேன். மறந்துட்டேன். சின்ன விஷயம்" என்றார் மேனேஜர்.

"சின்ன விஷயமா? என் பேர்ல அழுத்திட்டு, என்கிட்டயே பேய் அழுத்துச்சான்னு கேட்டீங்களே! ரத்தம் குடுத்துட்டு உக்காந்திருந்தவங்களைத் தவிக்க விட்டீங்களே!" அக்காவின் குரல் வராந்தா வரை கேட்டது.

"சரி சரி, விடும்மா. ஆஸ்பத்திரிக்கு அந்தக் கடிதம் வேண்டாம்" என்றார் முதலாளி.

"வேணும் சார். அவர் எழுதட்டும்."

மேசையிலிருந்த தாளையும் பேனாவையும் மேனேஜர் முன்னால் தள்ளிவிட்டு நின்றாள். முதலாளி தடுக்கவில்லை. மேனேஜர் எழுதினார். 'தவறு நேர்ந்துவிட்டது.'

"யாராலன்னு எழுதுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் 'என்னால்' என்று பொடி எழுத்தில் சேர்த்துத் தாளை மடிக்கப் போனார்.

"கையெழுத்து போடல சார்" என்றாள் அக்கா.