ஏழு விரல்களும் மூன்று சக்கரங்களும்

பிள்ளை வண்டியின் வாரை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாயிற்று. பிச்சைமுத்து நான்காவது தரமும் இழுக்கிறார். பிறகு குனிந்து முன்சக்கரத்து நட்டைத் திருகிப் பார்க்கிறார். அது அசையவில்லை. பின்சக்கரங்களுக்கு அரைச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து, அந்தச் செங்கலையும் காலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து, சைக்கிளோடு காத்து நிற்கும் என்னைப் பார்த்து, "வாங்க சார், இன்னா இன்னிக்கி லேட்டு?" என்று கேட்டபடி சாக்கட்டியை எடுக்கிறார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சைக்கிள்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சைக்கிள் சீட்டில் சாக்கட்டியால் எண் எழுதி, அதே எண் அடித்த தகர வில்லையை நம் கையில் கொடுப்பார். கொட்டகையின் நிழல் மூலையில், இருநூறு சைக்கிள்களுக்கு நடுவே, எண் எழுதாத வண்டி ஒன்று நிற்கும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், நீலத் துணிக் கூண்டு. அதற்குள் அவருடைய இரண்டரை வயது மகள் ஷாலினி உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டோ, தகர வில்லைகளைக் கோத்து மாலை செய்துகொண்டோ இருப்பாள். பக்கத்தில் வாழைப்பழம் விற்கும் ரங்கம்மாள் அதைத் தேர் என்பாள். "ஏம்பா, தேரு நெலைக்கு வந்துட்டுதா?" என்பதுதான் அவள் காலை வணக்கம்.

நமது ஊரில் ஆண்பிள்ளை பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். இல்லாவிட்டால் சைக்கிள் பாரில் உட்கார வைப்பான். வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற தகப்பனைக் கள்ளக்குறிச்சி அதற்கு முன் கண்டதில்லை. கச்சிராயபாளையம் சாலையில் மூன்று மைல் தள்ளி இருக்கிறது அவர் வீடு. தினமும் காலையில் அந்த மூன்று மைலையும் தள்ளிக்கொண்டே வருகிறார். கரும்பு லாரிக்காரர்கள் வேண்டுமென்றே ஆரன் அடிப்பார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்வை ஒரே இடத்தில் இருக்கும். அது எந்த இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவருடைய இடது கையைச் சொல்லிவிட வேண்டும். அதில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே உண்டு. நடுவிலிருந்த மூன்றும், வெல்லம் காய்ச்சும் ஆலையில் கரும்பு கொடுக்கும்போது உருளைக்குள் போய்விட்டன. அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அதன்பின் பத்து வருஷம் வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. மனைவி செவ்வந்தி ஏறாத கோயில் இல்லை. கடைசியில் ஷாலினி பிறந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒருநாள், செவ்வந்தி களையெடுக்கப் போயிருந்த நேரம், தூளியில் பிள்ளை அழுதது. அவர் அள்ளித் தூக்கினார். ஈரத் துணி, எண்ணெய் தடவிய உடம்பு. இரண்டு விரல் கைக்கு அது நிற்கவில்லை. நழுவியது.

கீழே நெல் கொட்டிவிட்டு மடித்துப் போட்டிருந்த காலிச் சாக்குகள் கிடந்தன. பிள்ளை அதன்மேல் விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அழுதது, பிறகு தூங்கிவிட்டது. பிச்சைமுத்து மட்டும் அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கி வழுக்கினது கை இல்ல சார், என் உசுரு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "சாக்கு மட்டும் அங்க இல்லன்னா?"

அந்தக் கேள்வியை அவர் இன்னும் முடிக்கவில்லை. அன்றோடு பிள்ளையைத் தூக்குவதை விட்டுவிட்டார். காலையில் செவ்வந்தி தூக்கி வண்டியில் வைப்பாள். ஸ்டாண்டில் ரங்கம்மாள் இறக்குவாள், ஏற்றுவாள். சோறு ஊட்டுவார், மூக்குத் துடைப்பார், தலை வாரி விடுவார். எல்லாம் வண்டியில் வைத்தே. பத்து வருஷம் தவமிருந்து பெற்ற மகளை ஒரு தகப்பன் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையை எதிரிக்கும் விதிக்கக் கூடாது.

வண்டி வாங்கிய கதையை அவரே ரசித்துச் சொல்வார். கையைக் காட்டப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனவர், கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இப்படி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ் ஏறிப் போய், நடைபாதையில் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடினார். இரண்டு வண்டிகள் கிடைத்தன. நான்கு சக்கரத்தில் ஒன்று, மூன்று சக்கரத்தில் ஒன்று. எதை எடுப்பது? மார்க்கெட்டுக்குப் போய்ப் பிள்ளையின் எடைக்கு ஒரு பறங்கிக்காய் வாங்கி வந்தார். அதை இருக்கையில் வைத்து, வாரைக் கட்டாமல், குண்டும் குழியுமான சந்தில் மூன்று சுற்றுத் தள்ளினார். நான்கு சக்கரத்தில் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் ஆடியது. காய் இரண்டு முறை உருண்டு விழுந்தது. மூன்று சக்கரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"கடக்காரன் சிரிச்சிக்கினு இருந்தான் சார். நான் சொன்னேன், மூணு கல்லு அடுப்பு எந்தத் தரையிலயாவது ஆடுமா? அது மாதிரிதான்."

பஸ்ஸின் கூரையில் வண்டியைக் கட்டி, பறங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தார். செவ்வந்தி அந்தக் காயை நறுக்க மறுத்துவிட்டாள். "எம் புள்ளைக்குப் பதிலா ஒக்காந்து வந்த காயி. அதுமேல கத்திய வெப்பாளா ஒருத்தி?" என்று கேட்டாள். பரணில் வைத்தார்கள். அழுகிப்போனதும் கொல்லையில் புதைத்தார்கள். அது முளைத்துக் கூரையெல்லாம் படர்ந்து இன்றைக்கும் காய்க்கிறது. ஊரே பறித்துப் போகிறது. அந்த வீட்டில் மட்டும் பறங்கிக்காய்க் குழம்பு கிடையாது.

வண்டியைப் பராமரிப்பதில் அவர் செய்யாத தப்பு இல்லை. முதல் மாதம் அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். வாசனைக்கு எறும்பு ஏறி, பிள்ளையின் தொடையெல்லாம் தடித்துப்போயிற்று. உடனே, பால் சட்டி வைக்கும் பலகையின் கால்களுக்குத் தண்ணீர் வைப்பதுபோல, மூன்று கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி மூன்று சக்கரத்தையும் அதில் நிறுத்தினார். எறும்பு நின்றது. பதினைந்து நாளில் டயர் ஊறிக் கழன்று வந்தது. இப்போது தையல் மிஷின் எண்ணெய், சக்கரத்துக்கு மூன்றே சொட்டு. வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுவார். இடது பின்சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. அது கிறீச் கிறீச் என்று கத்தும்.

"அது கத்தட்டும் சார். நான் வாசல்ல நம்பர் எழுதிக்கினு இருக்கும்போது எவனாவது வண்டிய நவுத்தினா எனக்குக் கேக்கணும் இல்ல?"

இனி அந்தப் பார்வை. வண்டியில் பிள்ளை முன்னால் பார்த்து உட்காரும். தள்ளுகிறவருக்குத் துணிக் கூண்டுதான் தெரியும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. "மொகம் தெரியாம தள்ளிக்கினு போவ, அது இன்னா நெல்லு மூட்டையா?" என்று, சைக்கிளில் மாட்டும் வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கி, கால் வைக்கும் கம்பியில் ஒரு குச்சியை நட்டு அதன் உச்சியில் கட்டினார். அதில் பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு அவர் முகம் தெரியும். மூன்று மைலும் இருவரும் அந்தக் கண்ணாடியில்தான் பேசிக்கொண்டு வருவார்கள்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் புளிய மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. செவ்வந்தி அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கரியாலூர்ப் பக்கம் மரவள்ளிக்குக் களையெடுக்க மலை ஏறியிருந்தாள். இறங்க வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். மறியலின் மூன்றாம் நாள் காலை ஷாலினிக்குக் காய்ச்சல் கண்டது. பத்து மணிக்கெல்லாம் கண் செருக ஆரம்பித்தது. ஊர் ஆண்கள் எல்லாரும் மறியலில். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி நிறைமாதக்காரி. அவள்தான் பிள்ளையை எடுத்து வண்டியில் வைத்து, வாரைப் பூட்டி, "ஓடுண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றாள்.

அவர் ஓடினார். முதல் மரத்தைப் பள்ளத்தில் இறங்கிச் சுற்றி வந்தார். ஒன்றரை மைலில் இரண்டாவது மரம். கட்டிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், அவ்வளவு பருமன். சாலைக்கு இரு பக்கமும் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர். மரத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோ பாருடா, வண்டி வருது!" என்றான் ஒருவன்.

"மறியல்னா மறியல்தான். மூணு சக்கரமா இருந்தாலும் வண்டி வண்டிதான். நம்பர் பிளேட்டு எங்கய்யா?"

"சைடு கண்ணாடி வேற வெச்சிருக்கான்டா!"

சிரிப்பு. பிச்சைமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே கூண்டை மட்டும் விலக்கிக் காட்டினார். கோடாலியோடு முன்னால் நின்ற தனசேகரன், நாற்பது வயது விவசாயி, கோடாலியைப் போட்டுவிட்டுக் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

"ஏய், எறங்குங்கடா கீழ! புள்ள நெருப்பா கொதிக்குது." பிச்சைமுத்துவின் பக்கம் திரும்பினார். "வண்டிய நாங்க தூக்கித் தாண்ட வுடறோம். நீ புள்ளைய எடுத்துக்கோ."

"புள்ளையோட சேத்தே தூக்கிடுங்க" என்றார் பிச்சைமுத்து.

"ஏன்யா, ஒன் புள்ளதான? எடுக்க கசக்குதா?"

அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். நால்வர் வண்டியை அப்படியே தூக்கினார்கள். கிளைகளுக்குள் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. வாருக்குள் ஷாலினி சரிந்து வீறிட்டாள். "வெச்சிடுங்க! தெய்வமே, வெச்சிடுங்க!" என்று பிச்சைமுத்து அலறினார். பழைய இடத்திலேயே இறக்கினார்கள்.

தனசேகரன் வாரை அவிழ்த்து இரு கையையும் நீட்டினார். பிள்ளை அந்நிய முகத்தைக் கண்டு உடம்பை வில்லாக வளைத்து அழுதது. அழுதுகொண்டே இரு கைகளையும் தூக்கியது. பின்னால் நிற்கும் அப்பன் பக்கம் அல்ல. முன்னால், குச்சியில் இருந்த கண்ணாடியைப் பார்த்து. அப்பா அங்கேதானே இருக்கிறார் அவளுக்கு!

"நான் இன்னிக்கும் அத மறக்கலீங்க" என்று தனசேகரன் என்னிடம் சொன்னார். மறியலெல்லாம் ஓய்ந்த பிறகு அவரும் இந்த ஸ்டாண்டில்தான் சைக்கிள் விடுகிறார். "அந்த ஆளு அப்பறம் முன்னால வந்து கண்ணாடிக்கும் புள்ளைக்கும் நடுவுல குந்திக்கினாரு. துண்ட எடுத்து ரெண்டு கையையும் தொடச்சாரு. தொடச்சிக்கினே இருந்தாரு. யோவ் தோலு உரிஞ்சிடும் தூக்குய்யான்னேன்."

தூக்கினார். இடது முழங்கையில் உட்கார வைத்து, வலது கையால் முதுகை அணைத்து, துண்டால் இருவரையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். நெருப்புப்போல் சுட்ட அந்தத் தலை அவர் தோளில் சாய்ந்தது. ஐந்து மாதத்தில் விட்டது, அதன்பின் அன்றுதான். மரத்தின்மேல் காலைப் போட்டு உட்கார்ந்து, இம்மி இம்மியாக நகர்ந்து, அந்தப் பக்கம் இறங்கினார். வண்டியைத் தூக்கி வந்து தந்தார்கள். அதில் பிள்ளையை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மீதி ஒன்றரை மைலும் பிள்ளை தோளில். காலி வண்டியை இரண்டு பேர் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஊசி போட்டார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. வாரம் முடிந்து செவ்வந்தி மலையிலிருந்து இறங்கி வந்தபோது பிள்ளை ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

இத்தோடு பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். வார் நான்கு தரம் இழுபடுகிறது. செங்கல் உதைபடுகிறது. பிள்ளையை இறக்க வேண்டுமானால் இப்போது ரங்கம்மாளைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முதலில் கொட்டகை மூலையிலிருந்து ஒரு கோணிச் சாக்கை எடுத்து, நான்காய் மடித்து, வண்டிக்குக் கீழே விரிப்பார். அதன்மேல் நின்றுதான் தூக்குவார், அதன்மேலேயே இறக்கியும் விடுவார்.

"இன்னும் சாக்கு எதுக்குப்பா? ஒரு வருசம் ஆவப்போவுது" என்று நேற்று ரங்கம்மாள் கேட்டாள்.

"இருக்கட்டும்க்கா. அது பாட்டுக்கு இருக்குது."

சாக்கை விரித்தார். கைகளைச் சட்டையில் துடைத்தார். ஷாலினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அப்போது ரங்கம்மாள் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து எட்ட இருந்தே நீட்டினாள். பிள்ளை அதைப் பார்த்துத் தாவியது. பிச்சைமுத்து குனிந்து சாக்கின் விளிம்பைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, சாக்கைவிட்டு ஓர் அடி வெளியே எடுத்து வைத்தார்.