நொடிக்கு எத்தனை கோடு?

மானிட்டர் ரிப்பேர்காரனை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்றதாகச் சரித்திரம் இல்லை. எண்பதுகளின் கடைசியில் பம்பாய் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பொருத்தம்

மாதுங்காவில் ஒரு ஆடிட்டர். ஒரே திரையில் கூடுதல் வரிகள் தெரிய வேண்டும் என்று புது டிஸ்ப்ளே கார்டு வாங்கி, பழைய மானிட்டரோடு மாட்டிவிட்டார். கணக்கெல்லாம் கோணலாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் படத்தைக் கோடு கோடாகத்தான் வரையும்; இது நொடிக்குப் பதினைந்தாயிரம் சொச்சம் கோடு போடும். கார்டோ இருபத்தோராயிரத்துக்கு மேல் அனுப்புகிறது, இப்படியே விட்டால் புகைந்துவிடும் என்று சொல்லி அணைத்து, பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார்.

"அப்போ ஜாதகம் பாக்காம கல்யாணம் பண்ணி வெச்சுட்டேன்னு சொல்றேள்."

ஓரக்கண்

காதர் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பை தயாரிப்பவர். மகள் ஜமீலாதான் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவாள். முழுப் பையும் திரையில் தெரியட்டும் என்று ரெசொல்யூஷனைக் கூட்டும்படி அவளிடம் சொன்னார். அன்று பிடித்தது அவளுக்குத் தலைவலி. பொம்பளப் பிள்ளைக்கு இது ஒத்துக்கொள்ளாது, வரைய ஆள் போட்டுக்கொள்கிறேன், நீ வீட்டில் இரு என்று முடிவு கட்டிவிட்டார். அவள் உடனே எனக்கு ஃபோன் செய்தாள்.

போய்ப் பார்த்தால் திரை மினுக்குகிறது. தலைவலிக்குக் காரணம் அதுதான். பாய் நேராக முறைத்துப் பார்த்து, ஒன்றுமில்லையே என்றார். சுவரைப் பாருங்கள், திரை ஓரக்கண்ணில் மட்டும் படட்டும் என்றேன். பார்த்தார். முகம் மாறியது.

"என்ன வே இது, பாக்காம இருந்தாத்தான் தெரியுது?"

பாதிப் பை

ரெசொல்யூஷன் ஏறிக் கோடுகள் கூடியதும் அத்தனையையும் ஒரே மூச்சில் போட மானிட்டருக்கு வேகம் போதவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு தவணையில் போடுகிறது. மினுக்கல் அதனால்தான் என்று விளக்கி, ரெசொல்யூஷனைக் குறைத்தேன். படம் ஆடாமல் நின்றது. ஆனால் பாதிப் பைதான் தெரிந்தது.

முழுசாகத் தெரியாமல் என்னத்தை வரைவாய், ஆளையே போட்டுவிடலாம் என்று பாய் மறுபடி ஆரம்பித்தார். ஜமீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெரியாத பாதியை நகர்த்திக்கூடப் பார்க்காமல், தெரிந்த பாதியில் வாரை வரையத் தொடங்கினாள்.

"பாதி தெரிஞ்சாப் போதும் வாப்பா. மீதி என் தலைக்குள்ளதான் இருக்கு, வலி போனா அதுக்கு எடம் கிடைக்கும்."

பாய் அதற்கப்புறம் ஆள் தேடவில்லை.

மொத்தத்தில், நிறையத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் கொஞ்சமாகத் தெரியவைத்தே பிழைத்தவன் நான்.