சுண்ணாம்புக்கல் அரைக்க வாங்கிய டிரம்

மாவாட்டி முடித்ததும் கிரைண்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். "அதுக்கென்ன காய்ச்சலா?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஓடிய மெஷின் சூடாகத்தான் இருக்கும், தெரியும். ஓடாத மெஷின் ஒன்று சூடாக இருந்ததை ஒரு தடவை தொட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இந்தக் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

அது இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, விருதுநகரில் ஒரு மோட்டார் கடையில் எடுபிடியாக இருந்தேன். சொந்தக்காரர்கள் மத்தியில் மட்டும் நான் இன்ஜினியர். ஆமத்தூர்ப் பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கம்பு விதைத்தால் கல் விளையும். அந்தச் சுண்ணாம்புக்கல்லையே அரைத்து விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோழித் தீவனத்துக்கும் சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பருக்கும் அந்தப் பொடி வேண்டியிருந்தது. என்ன மெஷின் வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லை முதலில் ஜா கிரஷரில் கொடுக்க வேண்டும். இரண்டு இரும்புத் தாடைகள் கடித்து நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துத் தரும். அதுவரை குழப்பமில்லை, சித்தப்பாவும் ஒரு பழைய கிரஷரை இறக்கிவிட்டார். அரைப்பதில்தான் வம்பு. சுத்தியல்கள் சுழன்று அடிக்கும் ஹேமர் மில் வேகமானது, ஆனால் பொடி நறநறவென்று வரும். பால் மில் என்பது பெரிய டிரம். உள்ளே இரும்புக் குண்டுகளைப் போட்டுச் சுற்றவிட்டால் மைதா மாதிரி அரைத்துவிடும்.

"எம்புட்டு நைசா வேணும் சித்தப்பா?"

"பெயிண்ட் கம்பெனிக்காரன் ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சுப் பாப்பானாம்லே. நறநறன்னா லோடைத் திருப்பிருவான்."

அப்படியென்றால் பால் மில்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். புதிது வாங்க வசதியில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கொட்டகையில் பழைய டிரம் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. "இதுல என்ன அரைச்சீக?" என்று சித்தப்பா கேட்டார். விற்றவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கரி" என்றார். நான் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கறுப்பாக இருந்தது. கரி கறுப்பாகத்தானே இருக்கும்! கொட்டகை ஏன் பூட்டியது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அந்தப் பட்டாசு வட்டாரத்தில் அதைக் கேட்டால் பதில் வந்துவிடும்.

டிரம்மின் வாய் சிறியது. அதை வெட்டிப் பெரிதாக்கி வேறு மூடி வைக்க, எங்கள் நிலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த வெல்டர் மாரிச்சாமியைப் பிடித்தோம். அவர் மனைவி செல்வி வெடி ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், மருந்து செலுத்துகிறவள். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்ததால் எங்களிடம் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தை பிறந்தால் கம்பெனி திறந்துவிடும். அதற்குள் மில் ஓட வேண்டும் என்பதில் சித்தப்பாவைவிட அவளுக்குத்தான் அவசரம். அவள் அக்கா அதே வேலையில் கருகிச் செத்தவள். "மில்லு ஓடட்டும் தாயி, மூட்டை தைக்கிற வேலை ஒனக்குத்தான்" என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் வந்ததும் "எப்பய்யா ஓடும்?" என்றுதான் கேட்பாள்.

வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் டிரம்முக்குள் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, அழுக்கு ஊறட்டும் என்று மூடி வைத்தோம்.

மறுநாள் மார்கழிக் குளிர். டீ டம்ளரோடு போய் டிரம்மில் கையை ஊன்றிச் சாய்ந்தேன். இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சுகத்தில் அப்படியே நின்றேன். பக்கத்தில் கிரஷர் பனியில் நனைந்து சில்லென்று கிடந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. மூத்திர நெடி வேறு அடித்தது. "ஆடு பேஞ்சிருக்கும்" என்றார் மாரிச்சாமி, நெருப்பால் இரும்பை வெட்டும் கேஸ் கட்டரின் ஹோஸை மாட்டிக்கொண்டே.

அப்போதுதான் தூக்குவாளியோடு செல்வி வந்தாள். நடந்து வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். முகர்ந்தாள். டிரம்மைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு நாங்கள் புதிதாக வேய்ந்திருந்த மில் கொட்டகையை வெகுநேரம் பார்த்தாள். என்னடா இவள் இப்படி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, மாரிச்சாமியின் கையிலிருந்து கட்டரைப் பிடுங்கினாள்.

"கரி இல்லய்யா இது. வெடி மருந்து. ஈரம் பட்டு வேவுது. நனைஞ்ச மருந்துலதான் இந்த நாத்தம் வரும். ஓடுங்க எல்லாரும்!"

"வாயை மூடு புள்ள, தண்ணில எங்கிட்டுத் தீப்பிடிக்கும்?" என்றார் மாரிச்சாமி. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நாங்களும் ஓடிக் கருவேலங்காட்டுக்குள் நின்றோம். டிரம் உஸ்ஸென்று சத்தம் போட ஆரம்பித்தது, அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி. சித்தப்பா வாய்க்குள்ளேயே சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வைத்திருந்த டீ ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். மூடி பறந்து கொட்டகைக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. வெள்ளைப் புகை நிலம் முழுக்கப் பரவியது. மாரிச்சாமி நின்ற இடத்தில் மண் கருகிப் போயிருந்தது.

சாயங்காலம் வரை யாரும் கிட்டே போகவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கடைசியில் சொன்னார்: "மில்லு போச்சு தாயி."

"தெரியும்யா. வாயைத் தொறக்கையிலேயே தெரியும்" என்றாள் செல்வி, புருஷனைக் காட்டி. "இவுக இருக்காகள்ல."

தை பிறந்தது. கம்பெனி வேன் வந்து நின்றதும் மற்ற பெண்களோடு ஏறிப் போனாள். வேறு மெஷின் வாங்கும் தெம்பு சித்தப்பாவுக்கு இல்லை. நான் விருதுநகர்க் கடையில் மோட்டார்களைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சீசன் மும்முரத்தில், ஆவணி மாதப் பகலொன்றில் செல்வியின் கம்பெனி வெடித்த சத்தம் ஆமத்தூர் வரைக்கும் கேட்டதாம்.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. மாரிச்சாமி எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார், நிலம் கை மாறியது. ஒரு ஹேமர் மில்லை வாங்கி வைத்திருந்தால், பொடி நறநறவென்றே வந்திருக்கும், கோழித் தீவனத்துக்கு அது போதும். அந்த ஆவணிப் பகலில் செல்வி எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்திருப்பாள்.