மண்ணுளி நக்கினால்

போன மாதம் தங்கையின் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் டைனோசர் சிலை பார்க்கப் போயிருந்தேன். இந்தப் பக்கத்து மண்ணில் அதன் முட்டையெல்லாம் கல்லாகிக் கிடைத்ததால் இங்கே அதற்கு ராஜ மரியாதை. சிமெண்டுச் சிலையின் காலடியில் ஒரு அம்மா தன் மகளை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பண்ணாதுடி, தொடு." அவள் தொட்டாள், போட்டோ எடுத்தார்கள். பக்கத்து வேலியில் ஓர் ஓணான் தலையை ஆட்டியது. அதே அம்மா குனிந்து கல்லை எடுத்தார்.

"அதுவும் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எறிந்தார். நல்லவேளை, குறி தப்பியது. வீடு வந்து சேரும்வரை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

"ஒண்ணும் பண்ணாது, தொடு" என்று நானும் ஒரு காலத்தில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். செந்துறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த புதிது. உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற நினைப்பும், இஸ்திரி போட்ட இரண்டு காட்டன் புடவையும்தான் என் சொத்து. பள்ளிக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. பழம் விழும் நாட்களில் அந்தப் புளித்த இனிப்பு வாசனை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் முந்திரிப் பழம் எங்கே மணந்தாலும் எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்துவிடும். ஏழாம் வகுப்பு என்றால் வசந்தி.

வசந்திக்கு உதட்டோரத்திலும் விரல்களிலும் வெள்ளைத் திட்டுகள். மற்ற பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்; அவள் பெஞ்சில் அவள் மட்டும். ஏன் என்று கேட்டேன். முன் வரிசைத் தமிழரசி எழுந்து, "சின்னப் புள்ளையில அவள மண்ணுளிப் பாம்பு நக்கிருச்சு மிஸ். பக்கத்துல ஒக்காந்தா ஒட்டிக்கும்" என்றாள். வசந்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

தோலில் நிறம் குறைவதால் வருவது இது, ஒட்டாது, பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். எல்லோரும் அழகாக எழுதிக்கொண்டார்கள். பரீட்சையிலும் சரியாக எழுதினார்கள். பெஞ்சு மட்டும் காலியாகவே இருந்தது. பாடம் நடத்துகிறவருக்கு இதைவிடக் கடுப்பு வேறென்ன வேண்டும்?

ஒரு கோடை மழைக்கு மறுநாள் தோப்பில் சருகுக்கு அடியில் ஒரு மண்ணுளியைப் பார்த்தேன். எலியைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் கிடக்கும் அப்பிராணி, விஷம் கிடையாது. கல்லூரியில் பாம்பைக் கையாளக் கற்றிருந்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் மூன்றாவது முயற்சியில்தான் பிடி கிடைத்தது. துணிப்பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். அப்படிப் பிடிப்பதே சட்டப்படி தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது.

பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டார்கள். பாம்பு என் கையில் மெல்லச் சுற்றியது.

"ரெண்டாவது தலை எங்க மிஸ்?"

"அது வாலு. மொட்டையா இருக்கறதால அப்படித் தெரியுது. ஒண்ணும் பண்ணாது, வந்து தொடுங்க."

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வசந்தி எழுந்து வந்தாள். "எனக்குத்தான் ஏற்கனவே இருக்கே மிஸ். குடுங்க."

வாங்கிக்கொண்டாள். அதன் நாக்கு அவள் விரலருகே வந்து வந்து போனது. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது நக்கல மிஸ். மோந்து பாக்குது" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் தமிழரசி ஒரு விரலால் தொட்டாள். பிறகு தள்ளுமுள்ளு. பாம்பு களைத்துவிடப்போகிறதென்று எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் என் மணிக்கட்டைப் பார்க்க ஒரு கூட்டம் வரும், வெள்ளை வந்துவிட்டதா என்று. வரவில்லை. தமிழரசி பையைத் தூக்கிக்கொண்டு வசந்தி பெஞ்சுக்கு மாறினாள்.

விஷயம் வீடுகளுக்குப் போனது. தமிழரசியின் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "பாடத்துல இருக்கறத மட்டும் நடத்துங்கம்மா."

"பாடத்துல பாம்பு இருக்கு சார்."

"படம் இருக்கு. படத்தக் காட்டுங்க."

மறுநாள் தமிழரசி தலை குனிந்தபடி பழைய பெஞ்சுக்கே போனாள்.

வசந்தியின் அம்மாவும் வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நான் தயாராக நின்றேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "பாம்பு நக்கலன்னா இது எதனால வந்துச்சு டீச்சர்? களையெடுக்கப் போனப்ப புள்ளைய வரப்புல படுக்கப் போட்டேன். என்னாலதான் வந்துச்சுன்னு வூட்ல சொல்லிக்கிட்டே இருக்காங்க."

"உங்க தப்பு ஒண்ணுமே இல்லீங்க."

"இத எங்க வூட்டுல வந்து சொல்றீங்களா?"

போனேன். அவருடைய மாமியார் டீ கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "படிச்சவங்க, நீங்க சொல்றீங்க" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "டம்ளர எடு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் வசந்தியைப் பெரம்பலூரில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். நானும் வேறு ஊர் போய்விட்டேன்.

பின்னால், மண்ணுளிப் பாம்பு லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தொட்டால் நோய் என்று ஒதுங்கிய ஆட்களே கடப்பாரையோடு தோப்புத் தோப்பாகத் தோண்டியதாகக் கேள்விப்பட்டேன். போன வருடம் ஒரு கல்யாணத்துக்குச் செந்துறை போனபோது பள்ளிப் பக்கம் நடந்தேன். முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. தோப்பில் பாதி பிளாட் போட்டிருந்தார்கள். மீதியில் சருகைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் மண்ணுளி உண்டா என்று கேட்டேன். சின்ன வயசு, இடுப்பில் குழந்தை.

"நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். பிறகு குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நக்குனா வெள்ளையா வந்துருமாமே, அதானே?"