மூன்றாவது சாட்சி

அறிவிப்புப் பலகையின் கம்பி வலைக்குள் என் தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகைப்படம் எனக்கு நன்றாகத் தெரியும். ஷூ கம்பெனியில் அடையாள அட்டைக்குக் கேட்டார்கள் என்று நான்தான் அவளை ஆம்பூர் பஜாரில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். "சிரிக்காதம்மா, கம்பெனிக்கு" என்று போட்டோக்காரர் மூன்று முறை சொல்லியும் அவளுக்கு அடங்கவில்லை. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஆளையும் எனக்குத் தெரியும். பேரணாம்பட்டுக்காரன். அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் எனக்கு எதிர் மேசை. ஏழு வருடம் என் டிபன் பாக்ஸில் அவனும் அவன் டிபன் பாக்ஸில் நானும் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். என் தோஸ்து. அப்பா அம்மா போன பிறகு காவேரிப்பாக்கத்திலிருந்து தங்கச்சியை அழைத்து வந்தவன் நான். அவளுக்குக் கல்யாணம் ஆவதற்குள் சொந்தமாக ஒரு வீடு இருக்கட்டும் என்று சின்னதாக ஒரு மனை பார்த்து, அதற்கு வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போடத்தான் அன்றைக்கு அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன்.

யாரும் மதம் மாற வேண்டாம், பெயரை மாற்ற வேண்டாம், அவரவர் அவரவராகவே இருந்து கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டம் என்று பலகையிலேயே போட்டிருந்தது. அதற்கு முதலில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனுவை முப்பது நாள் ஊர் பார்க்க ஒட்டி வைப்பார்கள். மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லலாம். இல்லாவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டால் கல்யாணம். இதையெல்லாம் நான் அங்கே நின்றபடியே படித்துத் தெரிந்துகொண்டேன். ஊர் முழுக்கப் பார்க்கலாம், எனக்கு மட்டும் சொல்லக் கூடாதா? சொந்தக்காரர்களிடம் மதம் மதம் என்று குதித்தேன். உண்மையில் எனக்கு வயிறு எரிந்தது அதனால் இல்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே இரண்டு பேரும் என்னை வெளியாள் ஆக்கிவிட்டார்களே என்றுதான்.

மறுநாள் மறுப்புக் கொடுக்கப் போனேன். அதிகாரி ஒரு அம்மாள். "காரணம் இன்னாங்க?" என்றார். "எங்க வீட்ல சம்மதம் இல்ல மேடம்" என்றேன்.

"அதுக்குச் சட்டத்துல எடமே இல்லீங்க. பையனுக்கு ஏற்கெனவே சம்சாரம் இருக்குதா? வயசு கம்மியா? புத்தி சரியில்லாதவங்களா? இல்ல, ரெண்டு பேரும் கட்டிக்கக் கூடாத நெருங்கின சொந்தமா?"

சொந்தமா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சொந்தமாக இருந்திருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? அதோடு எழுந்து வந்திருக்கலாம். கிரகசாரம், "அவனுக்குப் பேரணாம்பட்டுல சம்சாரம் இருக்குதுன்னு கேள்வி மேடம்" என்று வாய் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

விசாரணைக்கு அவன் தன் அம்மாவைக் கூட்டி வந்தான். பீடி சுற்றிப் பிள்ளையை வளர்த்தவர். ரம்ஜானுக்கு ரம்ஜான் எனக்குத் தனியாகக் கறி எடுத்து வைத்தவர். அதிகாரி முன்னாலேயே என்னைக் கேட்டார்: "இன்னாப்பா, எம்புள்ளைக்கு எப்போ நிக்கா ஆச்சி? எனக்கே தெரியாம நீ வந்து பிரியாணி துன்னுட்டுப் போனியா?" அவன்தான் குறுக்கே வந்தான். "வுடும்மா. யாரோ அவன்கிட்ட தப்பா சொல்லிட்டாங்க, மேடம். அவன் அப்பிடிப்பட்டவன் கெடையாது." செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுப்பைத் தள்ளி, புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

படியில் இறங்கும்போது தங்கச்சி என்னை நிறுத்தினாள். அழுகை இல்லை, கத்தல் இல்லை. "பொய் எழுதின கைதானே? அதே கையால வந்து கையெழுத்து போடு. அவங்க அம்மா ஒரு சாட்சி, என் லைன்ல வேலை செய்ற பொண்ணு ஒரு சாட்சி. மூணாவது நீதான். வேற யாரையும் நான் கூப்பிட மாட்டேன்." அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

புதன்கிழமை லீவு போட்டேன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஆதார் அட்டை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கால்தான் வரவில்லை. அலுவலகம் மாடியில். எதிரே ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே பாய்லருக்குப் பின்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த டீயைக் குடித்துவிட்டுப் போகலாம், அடுத்ததைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று மத்தியானத்திலிருந்து ஐந்து டீ ஆயிற்று. அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதைவிட, என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னானே, அவன் முகத்தை?

அலுவலக உதவியாளர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "மாஸ்டர், ஒரு சாட்சி கொறையுது. அண்ணன் வருவான் அண்ணன் வருவான்னு அந்தப் பொண்ணு அப்போலருந்து ஒக்காந்துனு இருக்குது. மேடம் கெளம்பணும். அந்தப் பொண்ணும் இப்பதான், சரி யாரையாவது கூப்பிடுங்கன்னு சொல்லிச்சி. ஆதார் வச்சினு இருக்கிற ஆளு யாராச்சும் இருந்தா அனுப்பு."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்கு என்னைத் தெரியாது. "நீங்க போறீங்களாண்ணா? ஆதார் இருக்குதா?"

"இல்ல" என்றேன்.

"சரி, நானே போறேன். பால மட்டும் பாத்துக்கோங்க, பொங்கிடப் போவுது" என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். என் தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தபோது நான் டீக்கடையில் பால் கிண்டிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தவர், "அவ்ளோதாங்க கல்யாணம். நான் உன்னக் கட்டிக்கிறேன்னு ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாட்டி சொன்னாங்க. அந்தப் பொண்ணு என்னை அண்ணான்னு கூப்பிட்டு கால்ல வுழுந்துடுச்சி. எனக்கு ஒரு மாரி ஆயிடுச்சி" என்றார். சந்தோஷமாக எனக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

அதே மாதம் இருவரும் பல்லாவரம் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார்கள். பதினோரு வருடம் ஆகிறது. அந்த மனையில் வீடு கட்டிவிட்டேன். உள்ளறையில் அவளுக்கென்று வாங்கிப் போட்ட பீரோ இருக்கிறது, பூட்டு இல்லாமல், காலியாக. இன்றைக்கும் கம்பெனி விட்டு, அவள் இருந்த ஸ்டிச்சிங் பிரிவுப் பெண்கள் கூட்டமாக வெளியே வரும்போது என்னையறியாமல் கேட் ஓரம் நின்றுவிடுகிறேன். அவள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வருடா வருடம் கல்யாண நாளில் அவள் டீ மாஸ்டருக்குப் போன் செய்கிறாள். சாட்சிக் காகிதத்தில் அவர் எழுதிய எண்ணை எடுத்து வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு வேட்டி, ரம்ஜானுக்கு இனிப்பு எல்லாம் அவருக்குத்தான் வருகிறது. அந்த நாளில் நான் தவறாமல் கடைக்குப் போய்விடுவேன். அவர் பேசுவதைக் கேட்பேன். பெண் பிறந்தது, அது பள்ளிக்கூடம் போவது, தோஸ்துக்கு முதுகு வலி, எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். நான் யாரென்று மாஸ்டர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

இந்த வருடம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, "மாஸ்டர், அன்னிக்கி வராத அந்த அண்ணன் நான்தான்" என்றேன். எப்படி வாயைத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனில், "அம்மா, உங்க அண்ணன் இங்க என் எதுர்லதான் ஒக்காந்துனு இருக்காரு. குடுக்கட்டுமா?" என்றார்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று மாஸ்டர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். கேட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "போன் குடுக்க வேணாமாம். சாப்ட்டியான்னு கேக்கச் சொல்லுது."

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.