கமலைக் கிணற்றில் ஓர் அருவி

மேலகரம் முப்பிடாதியின் வீரமெல்லாம் குற்றாலத்தில் தண்ணீர் விழும் வரைக்கும்தான். ஆனி மாதம் சாரல் விழுந்ததும் விடியுமுன் எழுந்து அருவிக்கு ஓடுவான். தலையில் இடிஇடியென்று இடிக்க நின்றுவிட்டு, அப்படியே தென்காசிக் கோபுரம் வரைக்கும் மூச்சு வாங்காமல் ஓடித் திரும்புவான். தை பிறந்து அருவி மெலிந்ததும் ஆளும் மெலிந்துபோவான். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. "அருவி அடிக்காத உடம்புல என்ன வலு இருக்கும்?" என்று பாயை விரித்துவிடுவான். இவனை என்ன செய்வது?

அப்படிப்பட்டவனுக்கு, போலீசுக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் பங்குனியில் போய் வாய்த்தது. வயது ஏறிவிட்டது, இந்தத் தடவை தவறினால் இனி அந்த வேலையை நினைக்கவே முடியாது. குற்றாலத்திலோ வெறும் பாறைதான் தெரிந்தது. ஒருநாள் ஓடிப் பார்த்தான். பாதி வழியிலேயே கால் பின்னியது. வந்து படுத்துவிட்டான்.

அவன் மனைவி பேச்சித்தாய் கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அவளுக்கு ஆளைத் தெரியும்.

"அருவியில விழுந்த தண்ணியெல்லாம் எங்க போச்சு? சித்தாத்துல வந்து, வாய்க்கால்ல பாஞ்சு, எங்கய்யா தோட்டத்துக் கிணத்துலதான ஊறிக் கெடக்கு? அருவி பூராவும் அங்கன இருக்கு. நீங்க இங்கன படுத்துக் கெடக்கீய."

முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தான்.

மறுநாள் அவள் தம்பி செல்லச்சாமி தண்ணீர் இறைக்கும் கமலையில் மாடுகளைப் பூட்டினான். மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்க, தோல் சால் நிறைந்து மேலே வந்து தொட்டியில் குபீரென்று கொட்டியது. அந்தத் தொட்டிக்குள் முப்பிடாதி கோவணத்தோடு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், கத்தரிக்குத் தண்ணி போவாண்டாமா? எந்திரிங்க!" என்று சிரித்தான் செல்லச்சாமி.

முப்பிடாதி ஒரு கை அள்ளிக் குடித்தான். "ஏலே, அருவித் தண்ணி மாதிரியே இனிக்கு, மூலிகை வாசமும் அடிக்கு!"

அன்று ஓடினான். கால் பின்னவில்லை. தினமும் குளித்தான், தினமும் ஓடினான்.

ஆள் எடுக்கும் அன்று திருநெல்வேலியில் வெயில் கொளுத்தியது. கூட ஓடியவர்கள் ஒவ்வொருவராக நிழல் பார்த்து ஒதுங்கினார்கள். இவன் முதுகில் மட்டும் சால் கொட்டிக்கொண்டே இருந்தது. வேலை கிடைத்துவிட்டது.

அப்புறம் எத்தனையோ ஊர்த் தண்ணீரைக் குடித்தான். நாற்பத்தேழில் விடுமுறைக்கு வந்தபோது, பேச்சித்தாயோடு தோட்டத்துக்குப் போனான். ஆசையாக ஒரு கை அள்ளி வாயில் ஊற்றியவன் தூவென்று துப்பினான்.

"ஏட்டி, இது உப்புத் தண்ணியாச்சே!"

"எப்பவும் உப்புத்தான். எங்கம்மைக்கு இந்தத் தண்ணியில பருப்பு வெந்ததே கெடையாது."

"அன்னைக்கு இனிச்சுதே?"

"உங்களுக்கு இனிச்சுது. அதை நான் ஏன் கெடுக்கணும்?"

சிரிக்கப்போனவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். உடுப்பு, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே இவள் அன்று சொன்ன ஒரு சொல்லில் முளைத்தவை. பன்னிரண்டு வருஷமாக அதை ஒரு தடவைகூட அவள் சொல்லிக் காட்டியதில்லை.

"நீ நல்லா இருப்ப, பேச்சி" என்றான்.

சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"ஏலே செல்லச்சாமி, மாட்டைப் பூட்டுலே!" என்று கத்திவிட்டு, தொட்டிக்குள் இறங்கிக் குனிந்து உட்கார்ந்தான்.